நீதிபோதனை நோட்டில் இரண்டு பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் பீடி சுற்றுகிறவள். காலையில் டீக்கடையில் ஆம்பிளைகள் வாசித்து முடித்த உங்கள் பத்திரிகை மத்தியானம் எங்கள் வேப்ப மரத்தடிக்கு வந்துவிடும். ஏழெட்டுப் பேர் மடியில் சொளவை வைத்துக்கொண்டு சுற்றுவோம். ஒருத்தி மட்டும் கை வேலையை நிறுத்திவிட்டு வாசிப்பாள். பெரும்பாலும் அது நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எனக்கு எழுத்தைக் காட்டியது எங்கள் ஊர் கோயில் பள்ளிக்கூடம், அதாவது கத்தோலிக்கக் கோயில் நடத்துகிற ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளி. இப்போது என் மகள் அங்கே நாலாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தின் பாடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. வேறு ஊர்களில் கட்டிக்கொடுத்த என் அக்காவும் நாத்தனாரும் அவர்கள் ஊர்க் கோயில் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான் என்கிறார்கள்.

பொங்கல் லீவில் மகளின் பையைத் துவைக்க எடுத்தேன். கவிழ்த்துக் கொட்டியதில் மூன்றாம் பருவப் புத்தகம், உடைந்த பென்சில், புளியங்கொட்டை எல்லாம் விழுந்தன. கூடவே பழுப்பு அட்டை போட்ட ஒரு 40 பக்க நோட்டு. லேபிளில் அவள் கையெழுத்தில் ‘நீதிபோதனை’ என்று இருந்தது. பிரித்தேன். முதல் பக்கத்தில் ஜூன் மாதத் தேதி, ‘உண்மையே பேசு’ என்று தலைப்பு, கீழே கரும்பலகையைப் பார்த்து எழுதிய ஐந்து வரி. இரண்டாம் பக்கத்தில் ‘பெரியோரை மதி’, அதற்கும் ஐந்து வரி, ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. 38 பக்கம் வெள்ளையாக இருந்தது. ஏழு மாதம் தினமும் பைக்குள் போய்வந்த நோட்டு அது.

“ஏட்டி, இந்த கிளாஸ்ல என்னதான் செய்வீங்க?” என்று கேட்டேன். “சும்மா இருப்போம்மா. கோயில் பிள்ளைய எல்லாம் மறைக்கல்விக்குப் போயிரும். நாங்க வாயில விரல வச்சிக்கிட்டு இருக்கணும். டீச்சர் போன்ல ஏதோ போட்டுக்கிட்டு இருப்பாவ” என்றாள். மறைக்கல்வி என்றால் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான கிறிஸ்தவ சமயப் பாடம். தினமும் காலையில் அது நடக்கிற அரை மணி நேரம்தான் மற்றப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை.

பத்து நாள் கழித்து அவள் காய்ச்சல் மருந்தை மறந்துவிட்டுப் போனதால் நானே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. காலைக் கூட்டம் முடிந்து அந்த அரை மணி நேர வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கோயில் தாழ்வாரத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகள் பதின்மூன்று பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் வண்ணப் படம் தொங்கியது. நல்ல சமாரியன் கதை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனை யார் யார் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று டீச்சர் கேட்கக் கேட்கப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். அப்புறம் எழுந்து நின்று கையைத் தட்டி ஒரு பாட்டு. பார்க்கவே நன்றாக இருந்தது. இந்தப் பக்கம் வகுப்பறையில் மீதி இருபத்தொரு பிள்ளைகள். என் இரண்டு பேரும் அதில் உண்டு. சிலர் பெஞ்சில் தலை கவிழ்ந்திருந்தார்கள். ஒரு பையன் தரையில் கிடந்த சுண்ணாம்புத் துண்டைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான். தாழ்வாரத்துப் பாட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தபோது என் மகன் வாயில் வைத்த விரலை எடுக்காமலே தலையை ஆட்டித் தாளம் போட்டான். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. ஆயிரம் சுற்றுகிறவள் அறுநூறோடு எழுந்துவிட்டேன்.

டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து வகுப்பு, 34 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். அரசாங்கக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு பேர்தான். ஒருவர் மறைக்கல்விக்குப் போனால் மற்றவர் தனியாக ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். வருகைப் பதிவைப் போனில் ஏற்ற வேண்டும், காலைச் சாப்பாடு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கணக்குச் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைக்கிற நேரம் இந்த அரை மணிதான்.

என் ஆதங்கம் வேறு. ஆர்.சி. பள்ளி என்றாலும் அங்கே சொல்லிக்கொடுப்பது பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற அதே பாடம்தான். 2010இல் சமச்சீர்க் கல்வி வந்தது, பிறகு பருவத்துக்கு ஒரு புத்தகம் என்று ஆனது, 2022இல் சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் வந்தது. எல்லாம் சென்னையில் முடிவாகி இங்கே வருகிறவை. என் மகன் எண்ணும் எழுத்தில் ‘மொட்டு’ பிரிவில் இருக்கிறான். போன வருஷம் ‘அரும்பு’. அடுத்தது ‘மலர்’ என்று இப்போதே சொல்லித் திரிகிறான். அதில் எனக்குச் சந்தோஷம்தான். புத்தகம், சீருடை, ஆசிரியர் சம்பளம் எல்லாம் அரசாங்கம். 2024 ஜூலை 15 முதல் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலைச் சாப்பாடு வந்துவிட்டது. காலை ஏழு மணிக்கே இலை வெட்ட உட்காருகிற எங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது.

அப்படியானால் பங்குக் கோயில் நடத்துகிற பள்ளிக்கூடம் தானே முடிவு செய்து தானே சொல்லிக்கொடுக்கிற பாடம் எது? யோசித்துப் பார்த்தால் காலையில் வருகிற அந்த அரை மணி நேரம் மட்டும்தான். வாரத்துக்கு இரண்டரை மணி. ஐந்து வருஷம் படிக்கிற பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள். அதில் ஒரு பாதிக்கு வகுப்புவாரியாகப் புத்தகம் இருக்கிறது, படம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, டீச்சருக்குப் பயிற்சி இருக்கிறது, வருஷக் கடைசியில் பரீட்சையும் பரிசும் உண்டு. மறு பாதிக்கு ‘உண்மையே பேசு’ என்று ஐந்து வரி.

எங்கள் குலதெய்வம் சுடலைமாடன். நான் படித்த காலத்திலும் நீதிபோதனைப் பக்கம்தான் உட்கார்ந்தேன். அப்போது ஞானோபதேசம் என்றுதான் சொல்வார்கள், மறைக்கல்வி என்கிற பேச்சு பிறகு வந்தது. 1990-91 இருக்கும், நான் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் நூற்றறுபது பிள்ளைகளுக்கு மேல் இருந்தோம். வாரத்தில் மூன்று நாள் கோயில் பிள்ளைகளுக்கு உபதேசியார் வந்து ஞானோபதேசம் எடுப்பார், எங்களை ஒரு சிஸ்டர் வைத்துக்கொள்வார். மீதி இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், எல்லாரும் ஒன்றாகப் பூவரச மரத்தடியில். அந்த இரண்டு நாளுக்காகத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமையை மட்டும் சொல்கிறேன். எல்லாரும் வீட்டிலிருந்து அம்மாவின் பீடிப் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்று முந்தின வாரமே சிஸ்டர் சொல்லியிருந்தார். எங்கள் வகுப்பில் பீடி சுற்றாத வீடு ஒன்றோ இரண்டோதான். கொண்டுபோனோம். சிஸ்டர் கரும்பலகையில் கட்டம் போட்டார். தேதி, வாங்கின இலை, வாங்கின தூள், போட்ட பீடி, கழிவு, கூலி. “இது உங்க அம்மா தினமும் எழுதுற பரீட்சை, அதைத் திருத்துற மார்க் புத்தகம் இது. வாசிக்கத் தெரியுமா?” என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. கடைக்காரர் கிறுக்கின எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் கடையில் 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். “அப்ப 850 பீடின்னா எத்தனை கட்டு?” பிள்ளைகள் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். 34 என்று முதலில் சொன்னது நான். இப்போதும் அது எனக்குப் பெருமைதான்.

அப்புறம் ஒரு வாரத்துக் கணக்கைக் கூட்டச் சொன்னார். எங்கம்மா புத்தகத்தில் திங்கள் 900, செவ்வாய் 850, புதன் 1,000, வியாழன் 900, வெள்ளி 850, சனி 1,000. நான் கூட்டினால் 5,500 வந்தது. கீழே கடைக்காரர் 5,250 என்று எழுதியிருந்தார். மூன்று தடவை கூட்டினேன். பயமாக இருந்தது, நான்தான் தப்பாகக் கூட்டுகிறேன் என்று. சிஸ்டர் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து என்னோடு சேர்ந்து விரல் விட்டு எண்ணினார். 5,500தான். வகுப்புக்கு முன்னால் சொல்லவில்லை. என் காதருகே வந்து மெல்லச் சொன்னார்: “கடைக்காரர் வேணும்னும் போட்டிருக்கலாம், தெரியாமலும் விட்டிருக்கலாம். போய்க் கேக்கிறது அம்மா வேலை. கூட்டிக் காட்டுறது உன் வேலை.”

அன்று சாயங்காலம் எங்கம்மா கைநாட்டு வைத்த அந்தப் பக்கத்தில் நான் பென்சிலால் கூட்டிக் காட்டினேன். பத்துக் கட்டு, இரண்டு பேர் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து சுற்றின பீடி. மறுநாள் அம்மா கடைக்குப் போய்க் கேட்டாள். கணக்குப்பிள்ளை திரும்பக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடித்துத் திருத்திப் பாக்கியைக் கொடுத்தார். அந்த வாரத்திலிருந்து எங்கம்மா என்னிடம் எண் படித்தாள். ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுதிப் படித்தாள். சாகும்வரை அவள் கணக்கை அவள்தான் பார்த்தாள்.

கதை அதோடு முடியவில்லை. வியாழக்கிழமை சிஸ்டர் மறுபடியும் ஆரம்பித்தார். “கடைக்காரர் கணக்கைப் பார்த்தோம். இப்ப நம்ம கணக்கைப் பார்ப்போம். கட்டுக்கு 24 வச்சு, நடுவுல ஒரு குச்சியைச் செருகிக் கட்டுறவங்க இருக்காங்களா?” என்று கேட்டார். மரத்தடியில் ஒரு சத்தம் இல்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். யார் பெயரையும் சிஸ்டர் கேட்கவில்லை. “எண்ணி வாங்கணும், எண்ணிக் கொடுக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போய்விட்டார். ‘உண்மையே பேசு’ என்று அவர் ஒரு நாளும் எங்களை எழுதச் சொன்னதில்லை. ஆனால் இன்றைக்கு வரைக்கும் ஒரு கட்டில் 25க்கு ஒன்று குறைய எனக்குக் கை வராது.

இன்னொரு நாள் அவரவர் வீட்டுத் திருவிழாவைப் பற்றிப் பேச வைத்தார். நான் எங்கள் சுடலை கோயில் கொடையைச் சொன்னேன். ஒரு பையன் பொட்டல்புதூர் கந்தூரியைச் சொன்னான். எங்கள் தெருக்காரர்களும் அங்கே போவோம் என்பதால் அதில் நானும் சேர்ந்துகொண்டேன். கோயில் பிள்ளை ஒருத்தி சப்பரம் தூக்குவதைச் சொன்னாள். அந்தப் பேச்சைக் கேட்டதால்தான் சப்பரத்தன்று நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம், கொடைக்கு அவளும் வந்தாள்.

பாடப் புத்தகத்தில் இல்லாத எங்கள் ஊர்ப்பக்கத்துச் சேதி எத்தனையோ அந்த மரத்தடியில் கிடைத்தது. எ, ஏ எழுதும்போது நாங்கள் கீழே கோடு இழுக்க மறந்துவிடுவோம். கெ, கே என்றால் ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று குழம்புவோம். சிஸ்டர் சொன்னார்: இத்தாலியிலிருந்து ஒரு சாமியார் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தார், காமநாயக்கன்பட்டியிலும் கயத்தாற்றிலும் இருந்தார், தமிழ் படித்தார். அந்தக் காலத்தில் குறில் எ-க்கும் ஒ-க்கும் மேலே புள்ளி வைப்பார்கள். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துபோகும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள், குறிலா நெடிலா என்று தெரியாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நெடிலுக்குக் கீழே கோடும் சுழியும் இரட்டைக்கொம்பும் அவர் கொண்டுவந்தார். வீரமாமுனிவர் என்று அப்புறம்தான் பெயரைச் சொன்னார். கயத்தாறு எங்களுக்குத் தெரிந்த ஊர். எங்கள் மாமா லாரியில் போகிற ஊர். அந்த ஊரில் இருந்த ஒருவர் திருத்தின எழுத்தையா நாம் எழுதுகிறோம் என்று நினைத்தபோது ‘ஏ’ என்கிற எழுத்தே வேறு மாதிரித் தெரிந்தது. போன மாதம் என் மகன் ‘கேணி’யை ‘கெணி’ என்று எழுதிக்கொண்டு வந்தபோது இதை அவனுக்குச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லையா என்றேன். இல்லை என்றான்.

பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தெருத்தெருவாகக் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் சொல்லிக்கொடுத்தார் என்பதையும் அங்கேதான் கேட்டேன். எங்கள் பள்ளிக்கூட மணி ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிக்கிற முறை எனக்கு வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். இதைக் கேட்டதால் நான் மதம் மாறிவிடவில்லை. எங்கள் ஊர்ப் படிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

சரி, இப்போது ஏன் இதை இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும். போன தீபாவளி சமயம் என் மகள் சாப்பிடும்போது கேட்டாள்: “எம்மா, நம்ம கலரு என்னதும்மா?” எனக்குப் புரியவில்லை. “கையில கட்டுற கயிறும்மா. பெரிய ஸ்கூல் அண்ணன்மார் கட்டியிருக்காங்கல்லா. நம்மாளுக்கு எந்தக் கலரு?” இன்ன சாதி என்று காட்டுகிற கயிறு அது. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது வயது. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற எந்தத் தாய்க்கும் இது சின்ன விஷயம் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். ஒரே பள்ளியில் படித்த பையன்கள் ராத்திரி வீடு புகுந்து ஒரு மாணவனை அரிவாளால் வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அதன்பிறகு அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வருவதைத் தடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தச் செய்தியை வேப்ப மரத்தடியில் நான்தான் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஒரு பெரியம்மா, “கயித்த அத்துப்புடலாம், மனசுல கட்டிருக்கத யாரு அறுக்கிறது?” என்றார்.

உயர்நிலைப் பள்ளியில் போய்க் கயிற்றை அவிழ்க்கச் சொல்வது கஷ்டம். எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இன்னும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள், ஒரே வரிசையில் தட்டைப் பிடித்து நிற்கிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கிடைக்கிற இந்த அரை மணி நேரம் போல இன்னொரு நேரம் பிறகு அவர்களுக்குக் கிடைக்காது. அந்த நேரத்தில் நாம் அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாயில் விரல் வைத்து உட்கார வைக்கிறோம். ‘கோயில் பிள்ளைய’, ‘மத்த பிள்ளைய’ என்று என் மகளே பேசப் பழகிவிட்டாள். நான் படித்தபோது எனக்கு அந்தப் பேச்சு வந்ததில்லை. செவ்வாயும் வியாழனும் இருந்ததால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எல்லாரும் மறைக்கல்வி வகுப்பிலேயே உட்காரட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். என் பிள்ளைகள் நல்ல சமாரியன் கதையைக் கேட்பதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி இல்லை, அதை மதிக்க வேண்டும். குரூப் 4க்குப் படிக்கிற என் தம்பி சொன்னான்: அரசு உதவி பெறும் பள்ளியில் மத போதனையில் கலந்துகொள்ளச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சின்னப் பிள்ளை என்றால் பெற்றவர்கள் சம்மதம் வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 28ஆம் பிரிவில் இருக்கிறதாம். நியாயமான சட்டம். பிள்ளைகளைத் தனியாக உட்கார வைப்பது அதனால்தான், அதில் தப்பில்லை. தனியாக உட்கார வைத்த பிறகு என்ன கொடுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. அதே போல மறைக்கல்வியை நிறுத்த வேண்டும் என்று சொல்கிறவர்களோடும் நான் சேர மாட்டேன். அது அந்தப் பிள்ளைகளின் உரிமை. அவர்களுடைய கோயில் கட்டின பள்ளிக்கூடத்தில்தான் நாங்கள் மூன்று தலைமுறையாக ஒரு பைசா கொடுக்காமல் படித்திருக்கிறோம்.

பெற்றோர் பலர் கேட்பது வேறு. அந்த நேரத்தை ஸ்போக்கன் இங்கிலீஷுக்குக் கொடுங்கள் என்கிறார்கள். அவர்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். காலையில் மஞ்சள் வேன் வந்து எங்கள் தெருவிலேயே பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. கணவன்மார் கேரளாவிலும் திருப்பூரிலும் இருந்து அனுப்புகிற பணம், நாங்கள் சுற்றுகிற பீடி எல்லாம் அந்த வேனுக்கும் ஃபீசுக்கும் போகிறது. நூற்றறுபது பேர் இருந்த இடத்தில் 34 பேர் என்றால் அதுதான் காரணம். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் புத்தகம் இருக்கிறது, தினமும் பாடம் இருக்கிறது. அதைச் சரியாக நடத்தச் சொல்லிக் கேட்போம், நானும் கூட வருகிறேன். இந்த அரை மணி நேரத்தையும் அதற்கே கொடுத்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடம் அந்த வேன் பள்ளிக்கூடத்தின் ஏழைத் தம்பி மாதிரி ஆகிவிடும். அந்த வேன் பள்ளிக்கூடத்தில் பாஸ் புத்தகம் வாசிக்க யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மறைக்கல்விக்கு இருப்பது மாதிரி நீதிபோதனைக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் வகுப்புவாரியாக ஒரு பாடத்திட்டம் எழுதுங்கள். ‘உண்மையே பேசு’ என்று தலைப்பு வேண்டாம். பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற, கையால் தொடுகிற காரியங்களை வைத்து எழுதுங்கள். எங்கள் பக்கத்துக்குப் பீடிக் கணக்கு என்றால் திசையன்விளைப் பக்கத்துக்குப் பனையேறுகிறவரின் பதநீர்க் கணக்கு, பத்தமடைக்குக் கோரைப்பாய் முடைகிறவரின் கூலி. தாமிரபரணியை வைத்து ஒரு மாதம் முழுக்கப் பேசலாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற வரைக்கும் வேறு மாநிலத்துக்குள் போகாத நதி அது. பாபநாசத்தில் பரிகாரம் என்று துணியை அதில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆற்றுக்குக் குளிக்கப் போகிற பிள்ளைக்கு அதைவிட என்ன நீதிபோதனை வேண்டும்? சண்டை போட்டவனோடு திரும்பப் பேசுவது எப்படி, கயிறு கட்டச் சொல்லி ஒரு அண்ணன் கையை நீட்டினால் என்ன பதில் சொல்வது என்று பிள்ளைகளை நடித்துக் காட்டச் சொல்லலாம். எழுதிக்கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். அங்கே உட்கார்ந்து பத்துப் பேர் ஒரு கோடை விடுமுறையில் எழுதிவிடலாம்.

இரண்டாவது, வாரத்தில் இரண்டு நாள் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருகிற வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

நடத்த ஆள் இல்லை என்பதுதான் அடுத்த பதிலாக இருக்கும். அதற்கும் சொல்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வி வந்தபோது நான் தன்னார்வலராக இருந்தேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் இருபது பிள்ளைகள். முதல் வாரம் தொண்டை கட்டிப்போனது. மூன்றாம் வாரம் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார்கள். என்னைப் போல ஊருக்கு நாலைந்து பேர் அப்படிப் பழகியவர்கள் இருக்கிறோம். பாடத்திட்டம் கையில் இருந்தால், டீச்சர் போன் வேலையை முடிக்கிற அந்த அரை மணி நேரத்தை ஆளுக்கு ஒரு நாள் நாங்கள் பார்த்துக்கொள்வோம். டீச்சர் கண் முன்னால்தான், அவர் சொல்கிறபடிதான். சம்பளம் வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு குறையும், அது பரவாயில்லை.

இதையெல்லாம் எங்கள் பங்குச் சாமியாரிடமும் சொன்னேன். பள்ளிக்குத் தாளாளர் அவர்தான். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். வருத்தப்பட்டார் என்று முகத்தில் தெரிந்தது. “நியாயம்தாம்மா. செவ்வாய் வியாழனை ஜூன்ல இருந்து நானே ஆரம்பிச்சிருதேன். ஆனா பாடத்திட்டம்னு ஒண்ணு மேலேருந்து வந்தாத்தான் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நடக்கும். நான் மாறிப்போனா அடுத்து வர்றவருக்கு இது தெரியாதுல்லா” என்றார். எங்கள் சிஸ்டரும் அப்படி மாறிப்போனவர்தான். அவர் மாறிப்போன அந்த வருஷமே மரத்தடி வகுப்பு நின்றுவிட்டது.

அந்த ‘மேலே’ இருக்கிறவர்களின் விலாசம் எனக்குத் தெரியாது. உங்கள் பத்திரிகையை அவர்களும் வாசிப்பார்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த வருஷத்துக் கால அட்டவணை மே மாதம் போடுவார்கள். அதற்குள் இந்தக் கடிதம் அச்சில் வந்தால் நல்லது. மகளின் நோட்டை நான் தூக்கிப் போடவில்லை. மூன்றாம் பக்கத்தில் கட்டம் போட்டு, தேதி, இலை, தூள், போட்ட பீடி, கழிவு, கூலி என்று எழுதி வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி என் பாஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் இந்த வாரக் கணக்கைக் கூட்ட ஆரம்பித்திருக்கிறாள்.

இப்படிக்கு,
பீடி சுற்றும் ஒரு தாய்,
முக்கூடல் பக்கம், திருநெல்வேலி மாவட்டம்.